டெல்மர் காத்திருந்த இசைத்தட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஹார்லன் கேட்ஸ் ஆகிய நான், என் மனைவி ஓபல், ஒஹாயோவிலிருந்து வந்த வாரன் என்ற இளைஞன், மாடு மேய்க்கும் எங்கள் நாய் டியூக். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாக இந்த வட்டாரத்தில் யார் சொன்னாலும் நம்பவேண்டாம். கேட்ஸ் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். பேனா ஓடவில்லை. ஆனால் இது நடந்தது.

1973, நவம்பர் 18, ஞாயிறு. பிற்பகல் மூன்று மணி. வெளியே வடகாற்று கம்பிவேலியை அடித்துக்கொண்டிருந்தது.

வாரன் பழைய கௌபாய்கள் பாடிய இசைத்தட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைபவன். அமரில்லோ பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் அவனுக்கு ஒரு தட்டு கிடைத்திருந்தது. அவனுக்குத் தெரிந்து உலகில் அது ஒன்றுதான் மிச்சம். தட்டின் நடுவே மங்கிய எழுத்து: டெல்மர் ப்ரூ. டாலஸ், 1928.

"ஐயா, இவரு உங்கப்பா பண்ணையில வேலை பார்த்தவருதானே?"

"ஆமா."

"ராத்திரி காவல்ல குடிச்சுட்டுத் தூங்கிட்டாரு, மாடு மிரண்டு மிதிபட்டுச் செத்தாருன்னு ஊர்ல சொல்றாங்க. இந்தப் பாட்டெல்லாம் சேர்த்து ஒரு பெரிய தட்டா போடப்போறேன். தட்டோட அட்டையில அப்படியே எழுதிரலாமா?"

"எழுது தம்பி" என்றேன். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பதில்தான்.

3:10. வாரன் தான் கொண்டுவந்த கருவியில் முள்ளை வைத்தான். கரகரப்பு. பிறகு டெல்மரின் குரல்.

"புல்லும் இருக்கு, தண்ணியும் இருக்கு, ஏன் எழுந்து நிக்கிறீங்க…"

ஓர் அடி முடிந்தது. பிறகு வெறும் கிட்டார். பாட்டில்லை. அடுத்து மூன்றாவது அடி. மறுபடி வெறுமை. இப்படியே கடைசிவரை.

"இரண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்ட்" என்று வாரன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டான். "நடுவுல நடுவுல பாட்டையே மறந்துட்டாரு போல."

ஓபல் சிரித்தாள். "எங்க ஹார்லன்கிட்ட பேசுற மாதிரியே இருக்கு. நாம ஒண்ணு சொல்லிட்டுப் பதிலுக்கு உக்காந்து காத்துக்கிட்டே இருக்கணும்."

நான் விளக்கினேன். இரவில் மந்தையை இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் சுற்றிவருவார்கள். ஒருவன் ஓர் அடி பாடுவான். மறுபக்கத்திலிருந்து மற்றவன் அடுத்த அடியைப் பாடுவான். மாடுகள் அமைதியாகக் கிடக்கும். எதிர்க்குரல் வந்துகொண்டிருந்தால் கூட்டாளி நலம் என்று பொருள். டாலஸில், பாட்டைப் பதிவு செய்த ஹோட்டல் அறையில், ஒலிவாங்கியின் முன்னாலும் டெல்மர் பழக்கத்தில் இடம் விட்டிருக்கிறான்.

"மறுபக்கம் பாடுனது யாருங்க ஐயா?"

"ஞாபகமில்ல."

அது பொய். அந்தப் பாட்டை நாங்கள் இருவரும் சேணத்தில் உட்கார்ந்தபடி கட்டினோம். இரண்டு, நான்கு, ஆறாம் அடிகள் என்னுடையவை. வேறு யாருக்கும் தெரியாது.

3:22. மறுபடி போட்டான்.

இடைவெளிகள் நீண்டிருந்தன.

"மூணு நிமிஷம் நாப்பது… முள்ளுல கோளாறா?" வாரன் தட்டைத் துடைத்தான்.

டியூக் எழுந்தது. அறையை வலமிருந்து இடமாகச் சுற்றி நடக்கத் தொடங்கியது. மெதுவாக. தலையைத் தாழ்த்திக்கொண்டு.

நான் சுற்றிய திசை அது.

3:31. மூன்றாவது முறை.

முதல் அடி. பிறகு கிட்டார். பிறகு கிட்டாரும் நின்றது.

டொக்… டொக்… டொக்…

குளம்போசை.

"ஐயா, இது முன்னாடி இல்லையே…"

தட்டு சுழன்றது. முள் நகரவில்லை.

"கீறல்ல மாட்டலை… மாட்டுனா டக்குனு சத்தம் வரும்…" முள்ளைத் தூக்கக் கை நீட்டினான்.

"தொடாதே!"

ஓபல் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

1929 ஜூன். மின்னல் வெட்டிய இரவு. நான் முதலாளியின் மகன். காப்பி குடிக்க இறங்கினேன். சமையல் வண்டியின் பக்கத்தில், நெருப்பருகே கண்ணயர்ந்தேன். டெல்மர் தன் அடியைப் பாடியிருப்பான். காத்திருப்பான். மறுபடி பாடியிருப்பான். பதில் வரவில்லை என்றதும், எனக்கு என்ன ஆனதோ என்று பாட்டை நிறுத்திவிட்டுத் தேடி வந்திருக்கிறான். பாட்டு நின்றது. இடி விழுந்தது. எண்ணூறு மாடுகள் எழுந்தன.

விடிந்ததும் என் அப்பா தன் விஸ்கி புட்டியைத் திறந்து இறந்தவனின் சட்டையில் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குடிகாரன் என்று டெல்மரைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். குடும்பப் பெயர் காப்பாற்றப்பட்டது.

குளம்போசை நெருங்கியது.

நின்றது.

சேணத்தோல் கிறீச்சிட்டது.

மூச்சு… யாரோ உற்றுக் கேட்கும் மூச்சு…

ஒரு நிமிடம்.

இரண்டு.

நான் வாயைத் திறந்தேன். இரண்டாம் அடியைப் பாடினேன். என் குரல் உடைந்தது. ஆனாலும் முடித்தேன்.

டியூக் ஒருமுறை குரைத்தது. 3:41.

உடனே டெல்மர் மூன்றாம் அடியைத் தொடங்கினான். நான்காவதை நான். ஐந்தாவதை அவன். ஆறாவதோடு தட்டு முடிந்தது.

"ஹார்லன்" என்றாள் ஓபல். "அந்த மறுபக்கம்… நீயா?"

அன்றும் நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 6 அன்று வாரனின் கடிதம் வந்தது. தட்டு மறுபடி இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி ஓடுகிறதாம். இடைவெளி எதுவும் இல்லை. அந்த இடங்களில் ஒரு கிழவனின் குரல். உடைந்து, நடுங்கி. இரண்டாம் அடி முடிந்ததும் ஒரு நாய் ஒரே ஒருமுறை குரைக்கிறது. விவரம் தெரிந்த மூன்று பேரிடம் தட்டைக் காட்டியிருக்கிறான். தட்டில் முள் ஓடும் வரிகள் எல்லாம் 1928இல் பதிந்தவை, பிறகு எவர் கையும் அவற்றில் படவில்லை என்று மூவரும் சொன்னார்களாம்.

ஓபல் அவனுக்குத் தொலைபேசி செய்தாள். அவன் தட்டைப் போட்டுக் காட்டினான். முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம் ரிசீவரை நீட்டினாள்.

அட்டை பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று வாரன் எழுதியிருந்தான். அதற்காகத்தான் இதை எழுதினேன். என் பெயரோடு அப்படியே போடட்டும்.

டெல்மர் ப்ரூ காவலில் குடித்துவிட்டுத் தூங்கினான் என்று இந்த ஊர் சொல்கிறது. தவறு. அவன் குடிக்கவில்லை. தூங்கவில்லை. தூங்கியவன் ஹார்லன் கேட்ஸ்.