விரல் குறைந்த செவலை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருந்தது. ஆண்டியப்பண்ணன் வீட்டுக் கோழிகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. எனக்குப் பார்த்தபோது என் அப்பா கேட்டது இரண்டே கேள்வி. பையனுக்குத் தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பேர் இருக்கிறதா, குடிப்பானா. இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் வெற்றிலை மாற்றிவிட்டார். ஆண்டியப்பண்ணன் அப்படி அவசரப்படுகிறவர் இல்லை. ஒரு சேவலை மாப்பிள்ளை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வருடமாவது வேண்டும்.

வட்டகொடைக்கு மேலே உள்ள தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் சொல்கிறது, தொரை கேட்டால் சிரிப்பார். அண்ணன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைவரை போகாத சுவர். ஆகவே அந்த வீட்டு விஷயத்தை நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் சொல்ல முடியாது, தானாக வந்து விழும். அண்ணன் கவ்வாத்து வெட்டுபவர். பகலெல்லாம் தேயிலையின் தலையைச் சீவிவிட்டு வந்து, சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திச் சேவல்களை முறைத்துக்கொண்டிருப்பார்.

கொண்டை பெரிதாக இருந்தால் கழித்துவிடுவார், தை மாதப் பனியில் நுனி கருகிப்போகுமாம். இரண்டு காலும் நெருங்கி நின்றால் ஆகாது. நெஞ்சு ஒடுங்கினால் ஆகாது. இறகு உடம்போடு படிந்து மழை வழிந்தோட வேண்டும். குழந்தையைக் கொத்தியது என்றால் அன்றைக்கே குழம்பு. இத்தனையும் தேறிய பிறகு கடைசிப் பரீட்சை. ஒரு கை குறுணையைத் தரையில் போடுவார். சேவல் முந்திக்கொண்டு தின்றால் தோற்றது. கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வென்றது.

"பாத்தியா பூரணி, இதுதாம்மா ஆம்பள," என்பார் என்னிடம்.

அவர் மனைவி நாகலெட்சுமி அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "அந்தப் பரீட்சைய ஒங்களுக்கு யாருங்க வச்சா?"

அந்தக் காலத்தில் நாங்கள் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டால், அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கச்சேரி ஆபீசில் குடைவார்கள். எங்களில் பாதிப்பேர் திருதிருவென்று விழிப்போம். ஆண்டியப்பண்ணனின் சேவல் போய் நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. அதன் பாட்டனுக்குப் பாட்டன் எந்த லயத்தில் எந்தக் கூட்டில் பொரித்தது என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லுவார். எங்களுக்குக் கிடைக்காத உரிமை சேவலுக்கு அன்றைக்கே கிடைத்திருக்கும்.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்கு ஒரு கேடு இருந்தது. எங்கள் முனியாண்டி சாமி இவர் மேல்தான் வரும். வருடா வருடம் பூசையன்று மலையுச்சிக் கோயிலில் வீட்டுக்கொரு சேவல் கொண்டுபோய்க் கட்டுவோம். தப்பு மேளம் அடித்ததும் அண்ணனுக்கு அருள் வரும். அருவாளோடு சுற்றிவந்து ஒரு சேவலைக் காட்டுவார். அது சாமிக்கு. மற்றவை வீட்டுக்குத் திரும்பும். சாமிக்கு வெட்டியதன் தொடை மட்டும் எப்படியோ நடந்து கங்காணி கந்தப்பன் வீட்டுக்குப் போய்ச் சேரும். அது எப்படி நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இருப்பதிலேயே நல்ல சேவலைத்தானே சாமி கேட்கும்? நல்ல சேவல் யார் வீட்டில் இருந்தது? ஆக, ஆண்டியப்பண்ணன் ஒரு வருடம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த மாப்பிள்ளையை அவர் வாயே கேட்டு வாங்கும், அவர் கையே வெட்டும். அருள் விலகிய பிறகு அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "எந்தச் சேவலப்பா?" என்று கேட்பார். சொன்னதும் முகம் செத்துப்போகும்.

ஒரு வருடம் தந்திரம் செய்தார். நல்லதை வீட்டில் கூடைக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு நோஞ்சானைக் கொண்டுவந்து கட்டினார். தப்பு முழங்கியது, அருள் வந்தது. நோஞ்சானைப் பார்த்ததும் சாமிக்கு வந்ததே கோபம்!

"நல்லதக் கூடைக்குள்ள மறைச்சு வச்சிட்டு இதக் கொண்டாந்து நிறுத்துறியாடா, ஆண்டியப்பா?"

தன்னைத் தானே பெயர் சொல்லித் திட்டிய மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணி ஓடிப்போய்க் கூடையோடு தூக்கிவந்தார். இதெல்லாம் நடிப்பு என்று பின்னால் சிலர் பேசினார்கள். தன் சேவலைக் காட்டிக்கொடுக்க நடிக்கிற மடையன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான்?

அந்த ஐப்பசியில் வெள்ளைக்கழிச்சல் வந்து லயத்துக் கோழிகளை வாரிக்கொண்டு போனது. அண்ணனுக்கு மிஞ்சியது மூன்று பெட்டையும் ஒரே ஒரு சேவல் குஞ்சும். செவலை நிறம், கூடையோடு போனதே அதன் மகன். கந்தப்பன் கங்காணி துக்கம் விசாரிக்க வந்தார்.

"பங்களாவுல வெள்ளச் சேவல் நிக்குதப்பா. தொரகிட்டக் கேட்டு ஒன்னு வாங்கித் தரவா?"

"வேணாங்க கங்காணி. அது கொட இல்லாம வெளிய எறங்காதுங்க," என்றார் அண்ணன்.

இந்தச் செவலை போனால் அவ்வளவுதான், வம்சம் முடிந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நாள் கணக்கில் யோசித்தார். ஊனமுள்ள சேவல் சாமிக்கு ஆகாது என்பது ஊரறிந்த விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சு கத்தியது. பின்னாலேயே அண்ணி கத்தினார்.

"அடப் பாவி மனுசா! பச்சப் புள்ள கால வெட்டுறீங்களே!"

"கால் இல்லடி, வெரலு. பின் வெரல் ஒன்னு."

"கவ்வாத்து வெட்டுனாத் துளிர்க்க இது என்ன தேயிலையா?"

"துளிர்க்கக் கூடாதுன்னுதான்டி வெட்டுனேன்."

மஞ்சளும் சாம்பலும் வைத்துக் கட்டினார். எலி கடித்துவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை. குஞ்சு நன்றாகத்தான் தின்றது.

செவலை வளர்ந்தது. அப்படியொரு நெஞ்சு, அப்படியொரு இறகு! கூட்டில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறும். குறுணைப் பரீட்சையில் ஒரு மணிகூடத் தொடாமல் நின்றது. சீக்கில் தப்பிய பெட்டைகள் முட்டையை நிறுத்தியிருந்தன. பூசை நெருங்கியபோதுதான் ஒன்று கேறிக்கொண்டு முட்டையிட இடம் தேடத் தொடங்கியது. "இன்னும் ஒரு மாசம் பூரணி, அடை வச்சிறலாம்," என்று அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்.

பூசைக்கு முதல் நாள் கங்காணி வந்து செவலையைத் தூக்கிப் பார்த்தார். காலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "ஊனமாப் போச்சேப்பா. சாமிக்கு ஆகாது."

"எலிங்க, என்னத்தப் பண்றது," என்று அண்ணன் எழவு வீட்டில் நிற்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். தலவாக்கலையில் வாங்கிய ஒரு கருஞ்சேவலைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். இந்தமுறை கூடை இல்லை, ஒளிப்பு இல்லை. செவலை இஸ்தோப்பில் எல்லோரும் பார்க்க நின்றது.

தப்பு முழங்கியது. அருள் வந்தது. சாமி கருஞ்சேவலைத் தாண்டிப் போனது. எல்லாச் சேவலையும் தாண்டிப் போனது. சாமிக்கல்லுக்கு முன்னால் நின்று, "ஆண்டியப்பா!" என்று கூப்பிட்டது.

யார் பதில் சொல்வது? கங்காணிதான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அவன் வீட்டுச் சேவல் ஊனஞ் சாமி. வெரல் இல்ல சாமி."

சாமி சிரித்தது. "ஒரு வெரல எனக்கு முன்னாடியே குடுத்துட்டான்டா. மிச்சத்த எப்பக் குடுப்பான்னு கேளு."

கத்தி பட்ட விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அருவாளோடு நின்றார், ஒருத்தி நான். அண்ணியை நான் திரும்பிப் பார்த்தேன். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர், அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகினார். அழுதுகொண்டே லயத்துக்கு இறங்கிப்போய்ச் செவலையை மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார்.

அருவாள் விழுந்தது, அருள் விலகியது. அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு, நிம்மதியாக வாயைத் துடைத்துக்கொண்டு, "எந்தச் சேவலப்பா?" என்றார்.

நான்தான் சொன்னேன். "செவலைண்ணே."

"அது ஊனமாச்சே. யாரு கேட்டா?"

"நீங்கதாண்ணே."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் விசும்பி விசும்பி அழுதார். சாமியென்றும் பார்க்காமல் மனசுக்குள் அந்த முனியைத் திட்டித் தீர்த்தேன். கங்காணி தொடையை வாழை இலையில் சுற்றிக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"சாமியே விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கு, குடுத்து வச்சவன்யா நீ. வாற வருசமும் ஒன் மேலதான் வரும், பாரேன்."

அண்ணன் மூக்கைச் சிந்திப்போட்டு எழுந்தார். "யாரு மேலயும் வரட்டுங்க கங்காணி. ஒங்க மேலகூட வரட்டும். என் மேல மட்டும் வேணாங்க. அதுக்கு என் வீட்டு விசயம் பூராவும் தெரியுது."