விராலின் குடலும் ஓடையின் பங்கும்

விலங்கியல் முதுகலை படித்த காலத்தில் விரால் மீனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதன் இரைப்பைக்கும் குடலுக்கும் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை, தமனியில் சிவப்புச் சாயம் ஏற்றிக் காட்ட வேண்டும். வேலூர்க் கல்லூரியில் நான் தொட்ட மீனிலெல்லாம் தமனி வெடித்துச் சாயம் கொட்டியது. விடுமுறை முடிந்து போகும்போது கையில் உருப்படியாகச் சாயம் ஏற்றிய குடல் ஒன்று இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். சிரிஞ்சையும் சாயத்தையும் கட்டிக்கொண்டு, ஜவ்வாது மலையில் வாத்தியாராக இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சாமை விதைக்கிறவர். ஓடை மடுவில் கையை விட்டு மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஒரு விரால் வேண்டும் என்றேன். மறுநாள் காலையிலேயே கொண்டுவந்தார், வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்து, மஞ்சள் தடவி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்குக் குடல்தாங்க வேணும்."

"குடலா? அது ஓடைக்குப் பங்காச்சே. புடிச்ச எடத்துலயே வுட்டுட்டுத்தானே வரணும். இன்னா படிப்பும்மா இது?"

அண்ணி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதைக் குழம்பு வைத்தார். நான் கோபத்தோடேயே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முன்தினம், குடத்தில் உயிரோடு ஒரு விரால் வந்தது. "ஓடைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

மீனை அவரே தலையில் தட்டி அடக்கினார். வயிற்றைத் திறந்து, வாலை நறுக்கி, முதுகெலும்புக்கு அடியில் தெரிந்த தமனிக்குள் ஊசியைச் செருகி மெல்ல அழுத்தினேன். தலைக்குப் பின்னால் பெருந்தமனியிலிருந்து பிரியும் கிளை சிவந்தது. அதிலிருந்து இரைப்பைக்கு, ஈரலுக்கு, இரைப்பையின் முடிவில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பைகளுக்கு. பிறகு குடல் மடிப்பெங்கும் இழை இழையாகச் சாயம் ஓடியது. எதுவும் வெடிக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் சாயக் கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டேன். புடவை போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "இது வயித்துல இத்தினி ரோடு கீதா? நம்ம மலைக்கு ஒண்ணு ஒயுங்கா இல்ல."

குடலைப் பாட்டிலில் போட்டேன். மிச்ச மீனை அண்ணி குழம்புக்கு எடுத்தபோது அவர் கையை நீட்டினார். "குடலைப் பாப்பா எடுத்துக்கிச்சு. அப்ப சதை ஓடைக்குத்தாங்க." துண்டில் சுற்றி எடுத்துப் போய்விட்டார். அன்று எங்களுக்குக் களியும் வெறும் புளிக்கரைசலும்தான். எனக்கு அதுவே விருந்தாக இறங்கியது.

கல்லூரியில் தேர்வாளர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிளைகூட விடுபடவில்லை என்றார். உட்காரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல பெரிய விராலா இருந்திருக்கும் போல. குழம்பு எப்படி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சார். அதை ஓடை சாப்பிட்டுடுச்சு."