வேண்டாம் என்ற சொல்லுக்கு அட்டை இல்லை

நீலப் பென்சிலைக் காதோரம், முக்காட்டுத் துணிக்குள் செருகி வைத்திருப்பார் ரெக்கார்டு சிஸ்டர். பேசிக்கொண்டே அதை உருவுவார், ஷீட்டில் ஒரு சொல்லின் மேல் கோடு இழுப்பார், மறுபடி செருகிக்கொள்வார். அந்தப் பென்சிலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வார்டில் நின்று கால் கடுக்க நான் எழுதிய குறிப்புகளில் பாதி, அவருக்குச் “சும்மா வார்த்தைங்க.”

அறுபதுகளின் கடைசி. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். நோயாளிகளின் ஷீட்டுகள் நம்பர் வரிசையில் பின்கட்டுப் பரணில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அவற்றில் தேடுவதற்குச் சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தச் சொல் எந்தெந்த ஷீட்டில் வருகிறதோ அந்த நம்பரெல்லாம் அதில் ஏறும். ஊருக்கு ஓர் அட்டை, பெயருக்கு ஓர் அட்டை, காமாலைக்கு ஓர் அட்டை. மாரண்டஹள்ளி மாதம்மாவுக்குக் காமாலை வந்ததுண்டா என்று கேட்டால் மூன்று அட்டைகளையும் மேசையில் பரப்பி, மூன்றிலும் இருக்கிற நம்பரை நாம் மூச்சு விடுவதற்குள் பிடித்துவிடுவார். பிடித்ததும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

எல்லாச் சொல்லுக்கும் அட்டை கிடையாது. காய்ச்சல், வலி, ஊசி, அது, மட்டும், இனி, வேண்டாம், ஒத்துக்கொள்ளவில்லை: இவையெல்லாம் நீலக்கோடு விழுகிற சொற்கள். “எல்லா ஷீட்டுலயும் வர்ற வார்த்தைக்கு அட்டை எதுக்குடி? இருக்கற நம்பரெல்லாம் அதுல வந்து ஒக்காந்துக்கும். தேடறவ பைத்தியம் புடிச்சி ஓடணும்” என்பார். களத்துமேட்டில் வளர்ந்த பெண்பிள்ளை அவர்; கன்னியர் மடத்துக்கு வந்த பிறகும் பேச்சில் களம் போகவில்லை. பதர் பறந்தால்தான் மணி நிற்கும் என்று கையால் தூற்றிக் காட்டுவார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். அந்த அட்டைகளால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மழை. காலையிலேயே கூட்டம் நெரித்தது. ஒரு மனிதர் தன் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நனைந்தபடி உள்ளே வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; தமிழ் அவருக்கு எண்ணி எடுத்த மாதிரிதான் வரும். மனைவிக்கு உடம்பு கொதித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போனது. உதட்டில் நீலம் பரவத் தொடங்கியிருந்தது.

டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுப் பெனிசிலின் என்றார். சிலர் உடம்புக்கு அந்த மருந்து ஆகாது, உயிரே போய்விடும்; அதனால் முதலில் தோலில் ஒரு துளி ஏற்றி, தடிக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது வழக்கம். அவ்வளவு நேரம் தாங்குவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. “முன்னாடி இங்க போட்டிருக்காங்களா பாருங்க சிஸ்டர். போட்டிருந்தா காத்துக்கிட்டு இருக்க வேணாம்” என்று ரெக்கார்டு சிஸ்டரிடம் சொன்னார்.

சிஸ்டர் ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார், போனார். நான் மருந்தைக் கலக்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார், கையில் மூன்று அட்டைகள், முகத்தில் அந்தச் சிரிப்பு. ஊர், பெயர், பெனிசிலின். மூன்றிலும் ஒரே நம்பர். “போன வருசமே போட்டிருக்கு. பயமில்ல, போடு புள்ள.”

நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். புருஷன் என் டிரேயிலிருந்த சீசாவைக் காட்டி மெதுவாகச் சொன்னார். “அது மட்டும் வேணாங்க.”

இதை ஒரு நாளைக்கு எத்தனை வாயில் கேட்டிருப்பேன்! மாத்திரை வேணாங்க, கஞ்சி வேணாங்க, ஊசி மட்டும் வேணாங்க. “ஊசின்னா எல்லாருக்குந்தான் பயம். பேசாம வெளிய நில்லுங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் நகரவில்லை. அழுகிற குரலில் அதையே திருப்பிச் சொன்னார்.

வாசல்வரை போயிருந்த சிஸ்டர் அங்கேயே நின்றார். திரும்பிய முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஊசியக் கீழ வைடி!”

“சிஸ்டர், மூச்சைப் பாருங்க. இப்பப் போயி...” என்று டாக்டரம்மா கத்தினார்.

“நான் வர்றவரைக்கும் போடாதீங்க. மாதா மேல ஆணை, போடாதீங்க!”

ஓடினார். பின்கட்டில் ஏணி சாய்கிற சத்தம், மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுகிற சத்தம். நான் அந்தக் கையை விடவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்; காய்ந்தது; மறுபடி துடைத்தேன். இந்தப் பெண் இப்போது செத்தால் அது அந்தக் கிறுக்குச் சிஸ்டரால்தான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். டாக்டரம்மா ஒரு பார்வை வாசலிலும் ஒரு பார்வை அந்த விலாவிலுமாக நின்றார். கடைசியில், “இனிமே முடியாது. எடு” என்றார். நான் ஊசியை எடுத்தேன்.

அப்போதுதான் சிஸ்டர் வந்தார். முக்காடு நழுவி, முகமெல்லாம் பரண் தூசி. கையிலிருந்த ஷீட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினார். போன வருஷம் வேறொரு நர்ஸ் எழுதியது. பெனிசிலின் என்ற சொல் மட்டும் சுத்தமாக நின்றது. அதற்கு அடுத்த வரியில், ‘ஒத்துக்கொள்ளவில்லை. அது மட்டும் இனி வேண்டாம்’ என்று இருந்தது. அந்தச் சொற்கள் அத்தனையின் மேலும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரே நீலக்கோடு.

என் கையிலிருந்த ஊசியை டாக்டரம்மாதான் வாங்கி வைத்தார். வேறு மருந்து கொடுத்தோம். அன்று பகல் முழுதும் இழுத்துக்கொண்டே கிடந்தாள். சாயங்காலம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பிறகு ஒரு நாள் புருஷன் பின்னால் நடந்தே பஸ்ஸுக்குப் போனாள்.

“எப்படி சிஸ்டர் ஞாபகம் வந்துச்சு?” என்று வெகுநாள் கழித்துக் கேட்டேன். “அந்தாளு சொன்னது அதே வார்த்தைங்க. எந்த வரிய அடிச்சாலும் ஒரு வார்த்தையாவது மிஞ்சும். அந்த வரியில ஒண்ணுமே மிஞ்சல. என்னடா வரி இதுன்னு அன்னிக்கே நெனச்சேன். நெனச்சிட்டு அடிச்சேன் பாரு” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமுன் அவரைத் தொட்டதுகூட இல்லை.

பரணிலிருந்த அத்தனை மூட்டைகளையும் திரும்பப் பிரித்தார். மருந்துப் பெயர் வருகிற இடத்திலெல்லாம், அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற சொற்களை அதே வரிசையில், நம்பருக்குப் பக்கத்திலேயே எழுதினார். வேண்டாம் என்பதற்குத் தனி அட்டை வந்தது. ஒரே அட்டை போதாமல் ஒரு பெட்டி ஆனது. “எல்லாரும் சொல்றதுதான்னு தள்ளிப்புட்டேன். ஒவ்வொருத்தரும் அவங்க உசிருக்குத்தானே சொல்றாங்க” என்று எழுதிக்கொண்டே முனகுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். சண்டையும் தொடர்ந்தது; அது வேறு விஷயம்.

சிஸ்டர் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. போன மாதம் முழங்கால் வலிக்காகத் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நல்ல பெண். உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினாள். எனக்கு ஆகாத ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி, “அது மட்டும் வேணாம்மா” என்றேன். தட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். மாத்திரையின் பெயர் இருந்தது. பெயர் மட்டும் இருந்தது.

“வேணாம்னு சொன்னேனே, அது எங்கம்மா?”

“பேர் அடிச்சாலே எல்லாம் வந்துரும் ஆன்ட்டி. எல்லாருமே இப்படித்தான் வேணாம் வேணாம்னு சொல்வாங்க” என்று சிரித்தாள்.

என் கை தானாகக் காதோரம் போனது, சிஸ்டரைப் போலவே, பென்சிலைத் தேடி. நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.

“நான் சொல்றேன், நீ எழுதும்மா. ஒரு வார்த்தை விடாம எழுது.”