கலீஜ் என்று படித்த காலேஜ்

வீட்டில் உருது, தெருவில் தமிழ், பக்கத்து பிளாக்கில் தெலுங்கு என்று வளர்ந்தவள் உமைமா. எர்ணாவூர் குடியிருப்பின் சமுதாயக்கூடத்தில் மாலை வகுப்பு எடுத்தாள். இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் வீட்டு வார்த்தையோடு கோத்துத்தான் கற்றுக்கொடுப்பாள்.

அன்று வகுப்பை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் பார்வையிட வந்திருந்தார். மீனவர் வீட்டுப் பெண் பெனிஷா எழுந்து படித்தாள்.

“மை சிஸ்டர் கோஸ் டு கலீஜ்.”

கூடமே குலுங்கியது. “இவ அக்கா சாக்கடைக்குப் போவுதுடோய்!” என்றது பின்வரிசை. பெனிஷா புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அது காலேஜு, கண்ணு,” என்றாள் உமைமா. “கலீஜ்னா அழுக்கு. அதுவும் நம்ம வார்த்தைதான், வேற வார்த்தை. இப்ப ரெண்டும் தெரிஞ்சவ நீ.”

ஸ்டானிஸ்லாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. “வீட்டு பாஷைய உள்ள விட்டா இப்படித்தான் மேடம். நாளைக்கு இன்டர்வியூல இதையே பேசினா எவன் வேலை குடுப்பான்? இனிமே இங்க இங்கிலீஷ் மட்டும். முடியாதுன்னா சாவியக் குடுத்துடுங்க.”

“காலேஜ்ல மொத நாளு ‘இன்னா’ன்னு கேட்டேன் சார். கிளாஸே சிரிச்சுது. அதோட வாய மூடினேன். உமைமாங்கிற பேரு ஊமைம்மான்னு ஆச்சு. எங்க வூட்ல மொத டிகிரி என்னுது. அத ஊமையா நின்னு வாங்கினேன். இதுங்க வாயையும் நானே மூடணுமா?”

“ரூல்ஸ் ரூல்ஸ்தான்.”

சாவி மேசைமேல் விழுந்தது. உமைமா முன்னால் நடக்க, பிள்ளைகள் ஒன்றுவிடாமல் பின்னால் வந்தார்கள். புத்தகமும் போர்டும் அறக்கட்டளையின் சொத்து, உள்ளேயே கிடந்தன.

“இன்னாத்த மிஸ் படிக்கிறது?”

“கண்ணு கீதுல்ல? ரோட்டப் பாரு.”

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றன. காம்பவுண்டுச் சுவரோரம் பிள்ளைகளை உட்காரவைத்து, எதிரே நின்ற கன்டெய்னரின் மஞ்சள் பட்டையில் எழுதியிருந்த வார்த்தையைக் காட்டினாள். ஹெச், ஐ, ஜி, ஹெச்.

பெனிஷா தயங்கினாள். “ஹிக்?”

“ஜி-யும் கடைசி ஹெச்-சும் தூங்கிக்கினு கீது. எழுப்பாத.”

“ஹை!”

“அப்டின்னா?”

“ஒசரம்!” “எத்து!” “ஊஞ்சா!” தமிழும் தெலுங்கும் உருதும் ஒன்றையொன்று முந்தின.

லாரி டிரைவர் தலையை நீட்டினார். “இன்னாம்மா, இங்க மீட்டிங்கா?”

“கிளாஸ் நடக்குது மாமு. ஹாரன் அடிக்காத.”