அட்டை வராத அக்கா

கத்திரி அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய் முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் அவள் வேலை. புருஷனோடு ஒத்துவராமல் மூன்று வருஷமாகத் தம்பி வீட்டில் இருந்தாள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே விளையாட்டரங்கம்.

அங்கே சர்வதேசப் போட்டி வந்தது. பத்தொன்பது நாளைக்குச் சுற்றியிருந்த ஆறு தெருவுக்கும் வேலி போட்டார்கள். குடியிருப்பவர்களுக்குப் போய்வர அட்டை கொடுத்தார்கள், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து. தம்பிக்கு வந்தது, அவன் மனைவிக்கு வந்தது, ஒன்றரை வயசுக் குழந்தைக்குக்கூடப் படத்தோடு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

வேலி வாசலில் நின்ற காவலர் தன்மையாகத்தான் பேசினார். "வெளிய போங்க, நான் தடுக்கல. ஆனா திரும்பி வந்தா உள்ள விட முடியாதும்மா."

"நான் இங்கதானே சார் குடியிருக்கேன்?"

"லிஸ்ட்ல இல்லையே."

தம்பி மூன்று முறை அலுவலகத்துக்கு அலைந்தான். போட்டி முடிந்ததும் வந்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

அக்கா வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். கை சும்மா இருக்கவில்லை. "குழந்தைக்கு மூணு தடவை வெட்டியாச்சுக்கா. இனிமே வெட்ட காதுதான் மிச்சம்" என்றாள் தம்பி மனைவி.

ஒன்பதாவது நாள், அவள் வழக்கமாகச் சவரம் செய்யும், ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவி போன் செய்தார். அந்தப் பெரியவருக்குப் பக்கவாதம். பேச்சும் போய்விட்டது.

"தாடியெல்லாம் சாப்பாடு ஒட்டுதும்மா. வேற ஆளைக் கூட்டிவந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறார். நீ ஒரு நடை வரக்கூடாதா?"

பையை மாட்டிக்கொண்டு வேலிவரை போனாள். வெளியே போனால் மீதிப் பத்து நாளும் எங்கே தங்குவது? கால் மணி நேரம் நின்றுவிட்டு, தன்மேலேயே எரிச்சலோடு படியேறி வந்தாள். வீடியோவில் அந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நீங்களே பண்ணுங்கம்மா. நான் சொல்லித் தரேன்."

"ஐயோ, எனக்குக் கை நடுங்குமே!"

"நடுங்கினா பரவால்ல. தோலை இழுத்துப் பிடிங்க. முடி சாயற பக்கமாவே ரேசர இழுங்க."

கன்னம் முடிந்து தொண்டைக்கு வந்தபோது பெரியவருக்கு இருமல் கிளம்பியது. அதே நேரம் அரங்கத்தில் ஆரவாரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நிறுத்துங்க! ரேசர எடுங்க!" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. திரை இருண்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. நடந்து போனால் பத்தே நிமிஷத்தில் எட்டிவிடும் வீடு. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். நாற்பது நிமிஷம் கழித்துப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அந்த அம்மாவே அழைத்தார்.

"சின்னக் கீறல்தான்மா. பயத்துல போனைத் தண்ணிக் கிண்ணத்துல போட்டுட்டேன்."

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

போட்டி முடிந்தும் வேலியைப் பிரிக்க நாலு நாளானது. அவள் போய்வந்த பதினொரு வீடுகளில் மூன்று வீட்டார் வேறு ஆளை அமர்த்திக்கொண்டுவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாகப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். முகம் மழமழவென்று இருந்தது.

"இப்பல்லாம் நானே பண்ணிடறேன். சமர்த்தா காட்டறார்" என்றார் அந்த அம்மா.

அக்கா திறந்த பையை மெல்ல மூடினாள். பெரியவர் இடது கையைத் தூக்கித் தன் பிடரியைத் தடவிக் காட்டினார். அங்கே முடி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"அதுக்கு நீதான் வரணும்" என்றார் அம்மா.

அவள் துணியை உதறி அவர் தோளில் போர்த்தினாள்.