தொட்டிக்காரர் ஊற்றிய தண்ணீர்

அந்தப் பெரிய வங்கியின் தலைமை அலுவலகத்தில் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாடி மாடியாகச் செடிகளை வாடகைக்கு வைப்பவர். ஏசி அறையில் செடிக்குச் சீக்கிரமே முகம் தொங்கிவிடும். அதை வெயிலுக்கு எடுத்துப்போய், தெம்பான செடியைக் கொண்டுவந்து வைப்பார். வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை தண்ணீர். ஈர மண் குலுங்கிச் சிந்தாது. “தூக்கத்துல எழுப்பினாலும் குவளையத்தான் தேடுவாரு” என்று மனைவி கேலி செய்வாள்.

செடி மாற்றும் நாளில்தான் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். போதைப்பொருள் கும்பலின் கறுப்புப் பணத்தை வங்கி வெள்ளையாக்கிக் கொடுத்ததாம். கோட்டு போட்டவர்கள் கல்லடி பட்ட தேன்கூடு மாதிரி கலைந்தார்கள். ஒருவர் அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் மோதினார்.

வணக்கம் சொன்னால் தலைகூட ஆட்டாத துணைத்தலைவர், அன்று ஓடிவந்து தோளில் கை போட்டார்.

“அண்ணே, இந்தத் தொட்டி வாடிப்போச்சு பாருங்க. முதல்ல இதைக் கொண்டுபோயிடுங்க.”

“நல்லாத்தானே சார் இருக்கு?”

“அடுத்த வருஷமும் வாடகை உங்களுக்குத்தாண்ணே. போங்க, போங்க!”

அந்த வாடகையில்தான் வீடே ஓடியது. மறுபேச்சில்லாமல் தூக்கினார். வாசலில் நின்ற விசாரணை அதிகாரி அம்மாவும் செடிதானே என்று விட்டுவிட்டார். வண்டியில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி.

கை தன் பாட்டுக்குக் குவளையைத் தேடி ஊற்றியது. மண் பொதபொதவென்று உள்ளே இறங்கியது.

“எவன்யா வேரைக் கிளறினது?”

அவர் கத்தியதும் தொட்டி பாட ஆரம்பித்தது! சேற்றிலிருந்து ஒரு கைப்பேசி எட்டிப் பார்த்தது.

“என்னங்க, உங்க செடி பாடுது?” என்றபடி அதிகாரி வந்தார்.

தொட்டிக்காரர் குவளையோடு கும்பிட்டார். “வளர்க்கத்தாம்மா தெரியும். பாட்டெல்லாம் நான் சொல்லித்தரலை.”

அதிகாரி கைப்பேசியைச் சேற்றோடு எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினார். துணைத்தலைவரின் மனைவி குரல் வாசலெல்லாம் கேட்டது: “ஏங்க, போனைத் தொட்டியில புதைச்சாச்சா இல்லையா?”

தொட்டிக்காரர் தப்பினார். வங்கிக்குச் சீல் விழுந்தது. வாடகை போச்சே என்று வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரிடம் மறுநாளே அதிகாரி போனில் பேசினார்.

“உள்ளே இருக்கிற செடியும் இப்ப வழக்குச் சொத்துங்க. வாடினா கோர்ட்ல நாங்கதான் பதில் சொல்லணும். வாங்க, வாடகை நாங்க தர்றோம்.”

“எதுவரைக்கும்மா?”

“வழக்கு முடியறவரைக்கும்.”

“எப்ப முடியும்?”

“பெரிய பேங்க் ஆச்சே! உங்க பேரப்பிள்ளைங்க வந்து தண்ணி ஊத்தவேண்டியிருக்கும்.”

இப்போது முன்னால் ஒரு போலீஸ், பின்னால் ஒரு போலீஸ் என்று மந்திரி மாதிரி உள்ளே போகிறார் தொட்டிக்காரர். குவளையைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்கிறார்.