மனுவில் இல்லாத கையெழுத்து

இன்று காலை எங்கள் கசார்வாடியில் பூனா லோக்கல் ரயில் முதல்முறையாக நின்றது.

ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்து, ஜம்மென்று உட்கார்ந்தேன். எதிரே கம்பியைப் பிடித்தபடி நின்றார் பீடிக்கடை காதர் பாய்.

வண்டி இங்கே நிற்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். "சர்க்கார் உத்தியோகம் பாய், நமக்கெதுக்கு வம்பு?" என்று கதவைச் சாத்தியவன் நான்.

எழுந்து, "உக்காருங்க பாய்" என்றேன்.

"அட, நீங்க உக்காருங்க. ஃபேக்டரிக்குப் போறவங்களுக்காகத்தானே வண்டிய நிக்கச் சொல்லிக் கேட்டோம்" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

ஃபேக்டரி இருக்கும் கிர்க்கி வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கும் இதே வண்டிதான். பேசாமல் நாலு மைலும் நடந்தே போய்விடலாமா என்றிருக்கிறது. உங்களில் கையெழுத்துப் போடாதவர் வேறு யாராவது இருந்தால், துணைக்கு வாருங்களேன்.